அசையாத நிலையிலும் வளரும் பலம்: யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரின் நூறாண்டு வாழ்க்கை

சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். பாதங்களைச் சற்று முன்னால் வைத்து, நாற்காலியில் உட்கார்வதுபோல் மெல்லக் கீழே இறங்குங்கள். தொடை தரைக்கு இணையாக வந்ததும் அப்படியே இருங்கள். முதல் 20 வினாடிகளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடம் நெருங்கும்போது தொடை நடுங்கத் தொடங்கும்.

உடல் அசையவில்லை. எடை எதையும் தூக்கவில்லை. ஆனாலும் தசை கடுமையாக உழைக்கிறது. தசையின் நீளம் மாறாமல், மூட்டு அசையாமல், விசையை மட்டும் செலுத்தும் இந்த முறையை ஐசோமெட்ரிக் பயிற்சி என்கிறார்கள். உடற்கல்விப் பாடத்தில் நாம் செய்யும் பிளாங்க் இந்த வகையைச் சேர்ந்தது.

நாம் வளர்ந்த விதத்தில் உடற்பயிற்சி என்றாலே அசைவுதான். நாப்ஃபா தேர்வில் எத்தனை முறை எழுந்தோம், எத்தனை முறை கம்பியில் உடலை இழுத்தோம், 2.4 கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓடினோம் என்பதைத்தான் கணக்கிட்டார்கள். அசையாமல் நின்றதற்கு யாரும் மதிப்பெண் தரவில்லை.

பல்கலைக்கழகப் பாடம் ஒன்றுக்காக இந்த அசையாத பயிற்சியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஜெர்மனி, அமெரிக்கா என்று போன தேடல், கடைசியில் மைசூருக்கும் சென்னைக்கும் வந்து நின்றது. அங்கே ஒரு மனிதர் ஐசோமெட்ரிக் என்ற சொல்லையே பயன்படுத்தாமல், உடலை ஒரு நிலையில் நிறுத்தி வைப்பதை வாழ்நாள் முழுவதும் கற்பித்திருந்தார். அவர் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

லிட்டில் இந்தியாவிலும் சிங்கப்பூரின் மற்ற வட்டாரங்களிலும் யோகா வகுப்புகளின் விளம்பரங்களைப் பார்த்திருப்போம். ஐயங்கார் யோகா, அஷ்டாங்க வின்யாச யோகா என்று பெயர்கள் இருக்கும். வெவ்வேறாகத் தெரியும் இந்த முறைகள் எல்லாம் இந்த ஒருவரின் மாணவர்களிடமிருந்து வந்தவை.

பத்து வயதில் தந்தையை இழந்த சிறுவன்

கிருஷ்ணமாச்சாரியார் 1888ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி, மைசூர் சமஸ்தானத்தின் சித்ரதுர்கா வட்டாரத்தில் முசுகுந்தபுரம் என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடையது வைணவக் குடும்பம். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளின் வழிவந்தவர்கள் என்று அக்குடும்பத்தார் தங்களைக் கருதினர்.

சமஸ்கிருதத்தையும் ஆசனங்களையும் அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் தந்தை. அந்தத் தந்தை, மகனுக்குப் பத்து வயதானபோது இறந்துவிட்டார். குடும்பம் மைசூருக்குக் குடிபெயர்ந்தது.

பதினாறு வயதில் அவர் தெற்கே பயணம் செய்து, நம்மாழ்வார் பிறந்த ஊரான ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். அங்கே தமக்கு நாதமுனிகளின் அருள் கிடைத்ததாகவும், மறைந்துபோன யோக நூல் ஒன்றைத் தாம் கேட்டறிந்ததாகவும் அவர் பின்னாளில் சொல்லிவந்தார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், தம் வாழ்வின் திசையை முடிவுசெய்த இடமாக அவர் கருதியது ஒரு தமிழ் ஊரை.

அதன்பிறகு காசியிலும் பிற இடங்களிலும் தர்க்கம், இலக்கணம், வேதாந்தம், ஆயுர்வேதம் எனப் பல துறைகளைக் கற்றார். இமயத்துக்கு அப்பால், கைலாய மலைப் பகுதியில், ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை ஆண்டுகள் யோகம் பயின்றதாகவும் அவர் கூறினார். இதற்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

காப்பித் தோட்டத்திலிருந்து அரண்மனைக்கு

இவ்வளவு படித்தவர் எந்தப் பெரிய கல்லூரியிலும் பேராசிரியராக அமர்ந்திருக்கலாம். அவர் யோகத்தையே பிழைப்பாகத் தேர்ந்தெடுத்தார். அந்தக் காலத்தில் அதற்கு மதிப்பும் இல்லை, வருமானமும் இல்லை.

1925ல் நாமகிரியம்மாளை மணந்த பிறகு குடும்பத்தைக் காப்பாற்ற அவர் ஹாசன் பகுதியில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்தார். காசியில் சாத்திரம் கற்ற பண்டிதர், அரைக்கால் சட்டையும் தொப்பியும் அணிந்து தோட்டத்தில் ஆட்களை மேய்த்தார். ஓய்வு நாள்களில் ஊர் ஊராகச் சென்று யோகத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார்.

அந்தச் சொற்பொழிவுகளே அவரை மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் பார்வைக்குக் கொண்டுவந்தன. 1931ல் மைசூர் சமஸ்கிருதக் கல்லூரியில் கற்பிக்க அழைப்பு வந்தது. 1933ல் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதி யோகசாலைக்காக ஒதுக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே அவருடைய ‘யோக மகரந்தம்’ என்ற நூல் கன்னடத்தில் வெளியானது. பின்னர் அது தமிழிலும் வந்தது.

மேடையில் நின்ற உடல்கள்

யோகசாலை மாணவர்களில் பெரும்பாலோர் அரச குடும்பத்தையும் அதைச் சார்ந்த குடும்பங்களையும் சேர்ந்த சிறுவர்கள். துடிப்பான அந்தப் பையன்களுக்கு ஏற்றபடி, ஓர் ஆசனத்திலிருந்து இன்னோர் ஆசனத்துக்கு மூச்சோடு இணைந்து தாவிச் செல்லும் முறையை அவர் வகுத்தார். ஒவ்வோர் ஆசனத்துக்கு வந்ததும் உடல் அசையாமல் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரத்தைவிட மூச்சின் எண்ணிக்கையே முடிவுசெய்தது.

அரண்மனையில் உடற்பயிற்சிக்குப் புதிய அலை வீசிய காலம் அது. பெங்களூரின் புகழ்பெற்ற உடற்கட்டு ஆசான் கே.வி.ஐயரின் சீடர் நடத்திய உடற்பயிற்சிக்கூடமும் அதே அரண்மனையில் இயங்கியது. மேல்நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ், இந்திய மல்யுத்தம், பழைய ஆசனங்கள் எல்லாம் கலந்துதான் மைசூர் முறை உருவானது என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகின்றனர். இது தொன்மையான மரபு மட்டுமே என்று சொல்பவர்களும் உள்ளனர். எனக்கு இதில் கிருஷ்ணமாச்சாரியாரின் மதிப்பு குறைவதாகத் தெரியவில்லை. எதிரே நிற்கும் மாணவனுக்கு எது தேவை என்று பார்த்து முறையை மாற்றிக்கொண்டதுதான் அவருடைய திறமை.

யோகத்தைப் பரப்ப மன்னர் அவரை நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பினார். அவரும் மாணவர்களும் மேடைகளில் கடினமான ஆசனங்களைச் செய்து காட்டினர். கார் ஒன்றை வெறுங்கையால் நிறுத்துவது, கனமான பொருளைப் பல்லால் தூக்குவது போன்ற சாகசங்களையும் கூட்டத்தை ஈர்ப்பதற்காக அவர் செய்தார் என்கின்றனர் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள்.

அவருடைய மைத்துனர் ஒருவர், நாமகிரியம்மாளின் தம்பி, 1934ல் மைசூர் வந்தார். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என அடுத்தடுத்து நோய்களால் மெலிந்திருந்த சிறுவர் அவர். பின்னாளில் உலகம் அறிந்த பி.கே.எஸ்.ஐயங்கார் அவர்தான்.

கிருஷ்ணமாச்சாரியார் அப்போது மிகக் கண்டிப்பான ஆசான். சொன்னதைச் செய்யாவிட்டால் அடியும் விழும். பழகாத ஆசனம் ஒன்றைப் பார்வையாளர் முன்னிலையில் திடீரெனச் செய்யச் சொன்னதால் தம் தொடைத்தசை கிழிந்து நீண்ட நாள் துன்பப்பட்டதை ஐயங்காரே பிற்காலத்தில் விவரித்தார். பெரியவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது இந்தப் பக்கத்தையும் தள்ளிவிடாமல் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பலத்தை மேடையில் காட்டுவதற்காக ஓர் இளம் உடல் காயப்பட்டது.

1937ல் இன்னொரு மாணவர் வந்தார். ரீகா நகரில் பிறந்த இந்திரா தேவி. பெண், அதுவும் வெளிநாட்டவர் என்பதால் கிருஷ்ணமாச்சாரியார் முதலில் சேர்க்க மறுத்தார். மன்னர் வற்புறுத்தியதால் ஏற்றுக்கொண்டவர், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டையும் கால அட்டவணையையும் விதித்தார். இந்திரா தேவி எல்லாவற்றையும் தாங்கி நின்றார். முடிவில் ஆசான் மனம் மாறி, வெளியே சென்று கற்பிக்குமாறு அவரைப் பணித்தார். அவர் ஷாங்காயிலும், பின்னர் ஹாலிவுட்டிலும் யோகா பள்ளிகளைத் தொடங்கினார்.

1938ல் எடுக்கப்பட்ட ஒரு மௌனப் படத்தில் கிருஷ்ணமாச்சாரியாரையும் இளம் ஐயங்காரையும் இன்றும் பார்க்கலாம். நான் அதைப் பலமுறை பார்த்தேன். ஆசனத்துக்குள் போகும் வேகத்தைவிட, போன பிறகு அந்த உடல்கள் நிற்கும் உறுதிதான் கண்ணில் படுகிறது.

இதயம் உண்மையில் நின்றதா?

கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றி அதிகம் பேசப்பட்ட செய்தி, அவரால் நாடித்துடிப்பை நிறுத்த முடியும் என்பது. 1935ல் பிரான்சைச் சேர்ந்த இதய மருத்துவர் தெரேஸ் பிராஸ் இந்தியாவுக்கு வந்து, இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் கருவியுடன் அவரைச் சோதித்தார். கருவியில் துடிப்பின் அலைகள் மிகச் சிறிதாகிப் போயின. செய்தி பரவியது.

சுமார் இருபது ஆண்டுகள் கழித்து அமெரிக்க, இந்திய ஆய்வாளர்கள் இன்னும் நல்ல கருவிகளோடு இதை மீண்டும் ஆராய்ந்தனர். சோதிக்கப்பட்டவர்களில் அப்போது சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருவர். 1961ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு தெளிவானது: இதயம் நிற்கவில்லை.

நடந்தது என்ன? மூச்சை அடக்கி, தொண்டையை மூடி, நெஞ்சுத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் இறுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால், வெளியே தள்ள ரத்தம் குறைவாக இருப்பதால் மணிக்கட்டில் நாடி தட்டுப்படுவதில்லை.

ஓர் அதிசயம் போய்விட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. இந்த விளக்கம் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் பயன்படும். அசையாமல் தசையை இறுக்கும்போது நம்மை அறியாமல் மூச்சையும் அடக்கிவிடுகிறோம். அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று மேலே ஏறி இறங்கும். சிலருக்குத் தலைசுற்றலும் மயக்கமும் வருவது இதனால்தான்.

அறுபதுக்கு மேல் புதிய தொடக்கம்

1940ல் மன்னர் காலமானார். அடுத்து வந்தவருக்கு யோகசாலையில் அவ்வளவு ஆர்வம் இல்லை. இந்தியா விடுதலை பெற்றதும் சமஸ்தானங்களின் ஆட்சியும் முடிந்தது. மாணவர் குறைந்து, நிதி குறைந்து, 1950ல் யோகசாலை மூடப்பட்டது.

கிருஷ்ணமாச்சாரியாருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பெரிய குடும்பம். அரண்மனை ஆதரவு இல்லை. மற்றவர்கள் ஓய்வுபெறும் வயதில் அவர் வேலை தேட வேண்டியிருந்தது.

1952ல் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு சட்ட நிபுணருக்கு உதவ வேண்டும். அதற்காகச் சென்றவர் சென்னையிலேயே தங்கிவிட்டார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் யோகம் கற்பித்தார்.

இந்தச் சென்னை வாழ்க்கைதான் அவருடைய கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மைசூரில் அவர் முன் நின்றவர்கள் துள்ளும் சிறுவர்கள். சென்னையில் வந்தவர்கள் முதியவர்கள், நோயாளிகள், அலுவலகத்தில் உட்கார்ந்தே உழைப்பவர்கள், குழந்தை பெற்ற தாய்மார்கள். தாவிக் குதிக்கும் முறை இவர்களுக்கு உதவாது.

அவர் தம் முறையையே மாற்றினார். கூட்டமாகக் கற்பிப்பதைக் குறைத்து, ஒருவருக்கு ஒருவர் என்று கற்பித்தார். நாடி பார்த்து, மூச்சைக் கவனித்து, அன்றாட வாழ்க்கையைக் கேட்டறிந்த பிறகே பயிற்சி கொடுத்தார். ஒரே ஆசனத்தை ஒருவர் நீண்ட நேரம் பிடித்திருப்பார். இன்னொருவர் நாற்காலியில் அமர்ந்தபடி இரண்டே மூச்சுக்குச் செய்வார். மூச்சு சீராக இருக்கும்வரை நிலையில் இருக்கலாம். மூச்சு தடுமாறினால் வெளியே வர வேண்டும். அடித்துக் கற்பித்த ஆசான், கேட்டுக் கற்பிக்கும் ஆசானாக மாறியிருந்தார்.

அவருடைய மகன் டி.கே.வி.தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். தந்தையின் வழியில் அவருக்கு நாட்டமில்லை. 1960களின் தொடக்கத்தில் ஒருநாள், வீட்டு வாசலில் கார் வந்து நின்றதையும், இறங்கிய மேல்நாட்டுப் பெண்மணி ஒருவர் ஓடிவந்து வயதான தம் தந்தையைக் கட்டித் தழுவியதையும் பார்த்து அவர் திகைத்தார். பல காலமாக மாத்திரை இல்லாமல் தூங்க முடியாமல் தவித்த அந்தப் பெண்மணி, முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருந்தார். அந்தக் காட்சியே தம்மைப் பொறியியலை விட்டுத் தந்தையிடம் மாணவராகச் சேரவைத்தது என்று தேசிகாச்சார் பின்னர் பலமுறை நினைவுகூர்ந்தார். 1976ல் தந்தையின் பெயரில் அவர் சென்னையில் ‘கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம்’ என்ற நிலையத்தை நிறுவினார்.

கிருஷ்ணமாச்சாரியார் கடல் கடந்து எந்த நாட்டுக்கும் சென்றதில்லை. 96 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மறுத்து, படுக்கையில் படுத்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார் என்கிறார்கள். எலும்பு முறிவுக்கு நாம் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஆனால், எழ முடியாத நிலையிலும் செய்வதற்கு ஏதோ ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்ததை மறக்க முடியவில்லை. 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி, நூறு வயது நிறைந்த பிறகு அவர் காலமானார்.

அறிவியல் சொல்வது என்ன?

கிருஷ்ணமாச்சாரியார் மைசூரை விட்டுச் சென்னைக்கு வந்த மறு ஆண்டு, 1953ல், ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் ஹெட்டிங்கர், முல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டனர். நாளுக்கு ஒருமுறை ஆறு வினாடி மட்டும் தசையை அசையாமல் இறுக்கினால் போதும், வாரத்துக்குச் சுமார் 5 விழுக்காடு பலம் கூடும் என்றனர். உலகமே அதன் பின்னால் ஓடியது. பின்னர் செய்த ஆய்வுகளில் பலம் கூடியது உண்மை, ஆனால் அவ்வளவு வேகத்தில் அல்ல என்று தெரிந்தது.

இன்னொரு வரம்பும் தெரியவந்தது. மூட்டை எந்தக் கோணத்தில் வைத்துப் பயிற்சி செய்கிறோமோ, அந்தக் கோணத்தையும் அதை ஒட்டிய கோணங்களையும் சார்ந்தே பலம் பெரும்பாலும் கூடுகிறது. ஆகவே, ஒரே நிலையை மட்டும் செய்வது போதாது. பல கோணங்களில் நிற்க வேண்டும். விதவிதமான ஆசனங்களை வரிசையாகச் செய்யும் வழக்கம் இந்தக் குறையை ஓரளவு தானாகவே சரிசெய்துவிடுகிறது.

2023ல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியான பெரிய ஆய்வு இந்தப் பயிற்சியை மீண்டும் பேசவைத்தது. 270 சோதனைகளில் பங்கேற்ற 15,827 பேரின் தரவுகளை அது ஒப்பிட்டது. ஓய்வுநிலை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் ஓட்டம், எடைப்பயிற்சி ஆகியவற்றைவிட ஐசோமெட்ரிக் பயிற்சி முந்தி நின்றது. மேல் அழுத்தம் சராசரியாக 8 புள்ளிக்குமேல் குறைந்தது. ஓட்டம் போன்ற பயிற்சிகளில் அது ஏறத்தாழ 4.5 புள்ளி. இந்த வகைப் பயிற்சிகளில் சுவரில் சாய்ந்து உட்காரும் பயிற்சி சிறந்த பலன் தந்தது.

காரணம் எளிமையானது. இறுகிய தசை தனக்குள் செல்லும் ரத்தக் குழாய்களை அழுத்துகிறது. விடுவித்ததும் ரத்தம் வேகமாகப் பாய்ந்து குழாய்கள் விரிகின்றன. இது திரும்பத் திரும்ப நடக்கும்போது, சில வாரங்களில் குழாய்கள் தளர்ந்து கொடுக்கப் பழகுகின்றன என்று கருதப்படுகிறது.

நாம் தொடங்குவது எப்படி?

சாதாரண நிலைத் தேர்வுக்கோ மேல்நிலைத் தேர்வுக்கோ படிப்பவர்களுக்கு நேரம்தான் பெரிய குறை. இந்தப் பயிற்சிக்குத் திடல் வேண்டாம், கருவி வேண்டாம், கட்டணமும் இல்லை. வீவக வீட்டின் ஒரு சுவர் போதும்.

ஆய்வுகளில் பெரும்பாலும் பின்பற்றப்பட்ட முறை இது: சுவரில் சாய்ந்து இரண்டு நிமிடம் இருத்தல், சற்று ஓய்வு, இப்படி நான்கு முறை, வாரத்துக்கு மூன்று நாள். தொடக்கத்தில் இரண்டு நிமிடம் கடினம். உயரமாக நின்று, 20 அல்லது 30 வினாடியில் ஆரம்பித்து, வாரம் தோறும் சிறிது கூட்டலாம். பிளாங்க், ஒரு காலில் நிற்பது, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று வைத்து அழுத்துவது என்று கோணங்களை மாற்றுங்கள்.

எதைச் செய்தாலும் மூச்சை அடக்காதீர்கள். வினாடிகளை எண்ணுவதற்குப் பதிலாக மூச்சை எண்ணிப் பாருங்கள். மூச்சை எண்ணிக்கொண்டே அதை அடக்க முடியாது. மைசூரில் அவர் வைத்த கணக்கும் அதுதான். மூட்டிலோ முதுகிலோ வலி வந்தால் நிறுத்துங்கள். வீட்டில் தாத்தா பாட்டிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நினைத்தால், ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்கட்டும். ஓட்டத்தையும் விட்டுவிட வேண்டாம். மூச்சுத் திறனை வளர்க்க அதுவே சிறந்தது.

என் வயதுடையவர்கள் பலர் உடற்பயிற்சிக்கூடத்தில் பக்கத்தில் இருப்பவர் தூக்கும் எடையைப் பார்த்துத் தங்கள் எடையை முடிவுசெய்கிறார்கள். கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருகாலத்தில் காரை நிறுத்திக் காட்டியவர்தான். ஆனால், இன்று அவருடைய முறைகள் சிங்கப்பூர்வரை வந்து நிலைத்ததற்குக் காரணம் அந்தச் சாகசம் அல்ல. அறுபது வயதுக்குமேல், பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒருவர் முன் அமர்ந்து, இந்த உடலால் இன்று எவ்வளவு முடியும் என்று அவர் கேட்கத் தொடங்கியதுதான். நாளைக் காலை சுவரில் சாயும்போது நாமும் நம்மிடம் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.